முதன்மை ஆதாரமா, துணைமை ஆதாரமா? தடுமாறும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

ஆய்வேடு திருத்த வந்தால் நான் முதலில் கடைசிப் பக்கங்களைத்தான் புரட்டுவேன். துணைநூற்பட்டியலில் ‘முதன்மை ஆதாரங்கள்’, ‘துணைமை ஆதாரங்கள்’ என்று இரண்டு தலைப்பு இருக்கும். ஆராயும் விஷயத்துக்கு உள்ளிருந்தே வரும் மூலச் சான்று முதன்மை, அதைப் பற்றி வெளியிலிருந்து பிறர் எழுதியது துணைமை. எதை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே, உள்ளே இருக்கும் ஐந்து இயல்களில் எத்தனை வாய்மொழித் தேர்வைத் தாங்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த சிக்கல்களை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். தமிழக வரலாறு, தமிழ் இலக்கியம் பக்கம்தான் எனக்குப் பழக்கம் என்பதால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வரும். உங்களுக்குப் பொருந்துகிற அறிகுறிக்கு நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அறிகுறி 1: ஒரே நூலை நெறியாளர் முதன்மை என்கிறார், புறத்தேர்வாளர் துணைமை என்கிறார்

பெரும்பாலும் இருவர் மேலும் தப்பிருக்காது. உங்கள் ஆய்வுக் கேள்வி என்ன என்று தெளிவாக எழுதப்படாததுதான் கோளாறு.

நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் ஆங்கிலத்தில் வந்தது. “ராஜராஜன் காலத்தில் நிலவரி எப்படி வசூலானது?” என்பது உங்கள் கேள்வி என்றால் அது துணைமை. கல்வெட்டுகளைப் படித்த ஒருவர் அவற்றிலிருந்து தொகுத்துச் சொன்னது அது. “இருபதாம் நூற்றாண்டு அறிஞர்கள் சோழ அரசை எப்படிக் கற்பனை செய்தார்கள்?” என்று கேட்டால் அதே நூல், அதே பக்கம், முதன்மை ஆதாரமாகிவிடும். பரிமேலழகர் உரையும் அப்படித்தான். குறளின் பொருளைத் தேடுபவருக்கு அது துணைமை. உரை மரபின் வரலாற்றை எழுதுபவருக்கு அதுவே மூலம்.

பழசாக இருந்தால் முதன்மை, புதுசாக இருந்தால் துணைமை என்று அடுக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நூலின் வயதை விட்டுவிடுங்கள். சரிசெய்ய ஒரே வேலைதான்: பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஒரு தாளில் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு நூலையும் அந்தத் தாள் பக்கத்தில் வைத்து, “இதை எழுதியவர், நான் கேட்கும் விஷயத்துக்கு உள்ளே இருந்தவரா, வெளியிலிருந்து அதைப் பற்றிப் பேசுபவரா?” என்று கேளுங்கள். இயலுக்கு இயல் கேள்வி மாறினால் ஒரே நூல் இரண்டு இடத்திலும் வரலாம். அதற்காக வெட்கப்பட வேண்டாம், ஒரு வரி விளக்கம் போட்டால் போதும்.

அறிகுறி 2: அடிக்குறிப்பில் கல்வெட்டு எண் இருக்கிறது, ஆனால் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். ஏனென்றால் தமிழக வரலாற்று ஆய்வேடுகளில் பாதி விபத்து இங்கேதான் நடக்கிறது.

நடப்பது இதுதான். ஒரு நூலில் கல்வெட்டுச் செய்தி இருக்கிறது, கீழே எண்ணும் ஆண்டும் இருக்கின்றன. மாணவர் நூலின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தன் அடிக்குறிப்புக்குக் கொண்டுவருகிறார். பார்க்கிறவருக்கு இவரே கல்வெட்டைப் படித்த மாதிரி தோன்றும். ஆனால் நூலாசிரியர் பிழையாகப் படித்திருந்தால் அந்தப் பிழை இப்போது உங்களுடையது.

உத்திரமேரூர்தான் சரியான எடுத்துக்காட்டு. “சோழர் காலத்தில் ஊர்தோறும் மக்கள் வாக்களித்துத் தேர்தல் நடத்தினார்கள்” என்று எழுதிவிட்டு, கீழே முதலாம் பராந்தகன் கல்வெட்டு என்று போட்டிருப்பார்கள். இப்போது கல்வெட்டுக்குப் போவோம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. இரண்டாவது, முதலாவதன் விதிகளைத் திருத்துகிறது. முதலாவதையும் இரண்டாவதையும் கலந்து ஒன்றாக்கி எழுதுபவர்கள் உண்டு, அதையும் கவனியுங்கள்.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் பொறுமையாகப் படித்தால் என்ன கிடைக்கிறது? முதலில், இது ஒரு சதுர்வேதிமங்கலம். அதாவது பிராமணர்களுக்கு அளித்த பிரமதேய ஊர். விதி செய்தது அந்த ஊர் மகாசபை, அரசனின் ஆள் உடனிருந்திருக்கிறான். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிந்திருக்கிறது. ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவான வாரியத்துக்குத் தகுதி உடையவர் கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வைத்திருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். மந்திர பிராமணம் என்ற வேதப் பகுதி ஓதத் தெரிந்திருக்க வேண்டும். வேதமும் பாஷ்யமும் (விளக்கவுரை) கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்று ஒரு சலுகை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. சமீபத்தில் வாரியம் செய்து முடித்தவர் மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும்.

பிறகு குடவோலை. தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். இதற்குப் பெயர் வாக்களிப்பா? எனக்கு இது சீட்டுக் குலுக்கலாகத்தான் தெரிகிறது. யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. பெயர் வருவது குடத்தின் தயவு. ‘ஊர்தோறும்’, ‘மக்கள்’, ‘வாக்களித்து’ என்ற மூன்று சொல்லுக்கும் கல்வெட்டில் இடமில்லை. அவை துணைமை நூலில் சேர்ந்தவை. கல்வெட்டின் பெருமை இதனால் குறையவில்லை. கணக்குக் காட்டாதவன் வீட்டு மைத்துனன்கூட நிற்க முடியாது என்ற விதி ஒன்றுக்கே இரண்டு இயல் எழுதலாம். அதை விட்டுவிட்டுத் தேர்தல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன்?

சரிசெய்யும் வழி: எண்ணிலிருந்து கல்லுக்குப் பின்னோக்கி நடங்கள். எண்ணும் ஆண்டும் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கல்வெட்டு ஆண்டறிக்கை எண். ஆண்டறிக்கையில் இருப்பது இரண்டு மூன்று வரிச் சுருக்கம் மட்டுமே. அந்தச் சுருக்கத்தைக் கல்வெட்டு என்று மேற்கோள் காட்டக் கூடாது. அடுத்து, முழுப் பாடம் அச்சாகியிருக்கிறதா என்று ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில் தேடுங்கள். முதல் தொகுதியை ஹூல்ச் 1890இல் பதிப்பித்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் வருகின்றன. கல்வெட்டுப் பாடங்களை வெளியிட்ட ‘எபிகிராபியா இண்டிகா’ இதழிலும் பாருங்கள். அச்சுப் பாடத்தில் ஒரு சொல்லின் மேல் உங்கள் வாதமே நிற்கிறது என்றால் கல்லின் மேல் தாளை ஒற்றி எடுத்த மைப்படியைக் கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் பஸ் ஏறிச் சுவரையே பார்த்துவிட்டு வாருங்கள். உத்திரமேரூர் காஞ்சிபுரத்துக்குப் பக்கம்தான்.

அறிகுறி 3: கல்வெட்டை நானே படித்தேன், ஆனாலும் “இது கல்வெட்டில் இல்லை” என்கிறார்கள்

“பெரிய கோயில் கி.பி. 1010இல் கட்டி முடிக்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது.” இந்த வாக்கியத்தை எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் தகடு போர்த்திய செப்புக் குடம் கொடுத்தான் என்பதுதான் கல்லில் இருக்கிறது. கிறிஸ்து ஆண்டு அங்கே எப்படி இருக்கும்? அவன் 985இல் பட்டத்துக்கு வந்தான் என்று அறிஞர்கள் வேறு சான்றுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். அதிலிருந்து 25ஆம் ஆண்டின் 275ஆம் நாள்வரை எண்ணித்தான் 1010 வருகிறது. ஆட்சியாண்டு முதன்மை, 1010 அறிஞர் கணக்கு. கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆனால் அது யாருடைய கணக்கு என்று சொல்லிவிட வேண்டும்.

மேற்கோளுக்குள் இருப்பது எது, அதற்கு வெளியே நாம் சேர்த்தது எது என்று பென்சிலால் கோடு போட்டுப் பழகுங்கள். அதே கோயிலில், “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக” என்று ராஜராஜன் சொன்னது இருக்கிறது. அது கல்லின் பேச்சு. “இதிலிருந்து அவனுடைய பெருந்தன்மை தெரிகிறது” என்றால் அது உங்கள் பேச்சு.

அறிகுறி 4: பத்து நூல்களில் பார்த்துவிட்டேன், பத்திலும் இருக்கிறது, ஆனாலும் ஆதாரம் கேட்கிறார்கள்

பத்தும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற செய்தியைப் பள்ளிக்கூடக் கட்டுரை முதல் சுற்றுலாக் கையேடு வரை காணலாம். இதற்கு முதன்மை ஆதாரம் தேடி ஆவணக் காப்பகம் போக வேண்டியதில்லை. ஒரு வெயில் நாளில் கோயிலுக்குப் போங்கள். நிழல் தாராளமாகத் தரையில் விழுந்து கிடக்கும், அதில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுபவர்களையும் பார்க்கலாம்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது: பத்து நூலிலும் வாக்கியம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், எந்த நூலிலும் அடிக்குறிப்பு இருக்காது, அல்லது அடிக்குறிப்பு இன்னொரு நூலைக் காட்டும், அந்த நூல் மூன்றாவதைக் காட்டும். வெளியான ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். மிகப் பழையது எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். அது எதையும் சுட்டவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது பத்துச் சான்று அல்ல, ஒரு வதந்தியின் பத்துப் படி.

அறிகுறி 5: ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதி வருகிறது

இது கோளாறு போலத் தெரியும், பல சமயம் அதிர்ஷ்டம். இரண்டு தனித்தனிச் சான்றுகள் இருக்கின்றன என்பதற்கு இதுவே அடையாளம்.

பாரதியின் மறைவு செப்டம்பர் 11, 1921 என்று ஒரு பக்கம், செப்டம்பர் 12 என்று மறுபக்கம். அவர் உயிர் பிரிந்தது 11ஆம் தேதி இரவு கடந்து, நள்ளிரவுக்குப் பின். மாநகராட்சி இறப்புப் பதிவில் 12 என்று இருக்கிறது. விடிந்தால்தான் அடுத்த நாள் என்று எண்ணும் வீட்டு வழக்கத்துக்கு அது 11ஆம் தேதி ராத்திரிதான். எழுதும்போது இரண்டையும் சொல்லி, எது எங்கிருந்து வருகிறது என்று குறிப்பிடுங்கள்.

இன்னொன்று. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. யாரும் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, பிரான்ஸ் அதற்கு வெகு முன்பே புதியதற்கு மாறிவிட்டது. இடையே 11 நாள் வித்தியாசம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணம் கையில் எடுத்தால், இது யார் வீட்டு நாட்காட்டி என்பதுதான் முதல் கேள்வி.

பாரதியைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். யானை மிதித்து இறந்தார் என்று இன்னும் எழுதுகிறார்கள். யானைச் சம்பவத்துக்குப் பிறகு அவர் தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசிவிட்டு வந்தார், அந்தப் பயணத்தைப் பற்றிச் சுதேசமித்திரனில் தாமே எழுதவும் செய்தார். அவர் கைப்பட எழுதிய கட்டுரை ஒன்றே அந்தக் கதையை முடித்துவிடுகிறது.

அறிகுறி 6: நாட்குறிப்பு, தன்வரலாறு என்றால் முதன்மைதானே? ஏன் கேள்வி கேட்கிறார்கள்?

முதன்மைதான். ஆனால் எதற்கு முதன்மை என்பதில்தான் சிக்கல்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளாகவும், இருந்தவர். புதுச்சேரிக் கடைத்தெரு விலை, கவர்னர் வீட்டுப் பேச்சு, 1748 செப்டம்பரில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊரில் எழுந்த கொந்தளிப்பு, இவற்றுக்கெல்லாம் அவர் நேர்ச்சாட்சி. 1746இல் சென்னைக் கோட்டை விழுந்ததற்கு? அவர் இருந்தது புதுச்சேரியில். கடிதமும் ஆள் சொன்ன சேதியும் வந்து சேர்ந்ததை எழுதினார். ஆகவே சென்னையில் நடந்தது என்ன என்பதற்கு அவர் குறிப்பு செவிவழிச் செய்தி. புதுச்சேரியில் அந்தச் சேதி எப்படிப் பரவியது என்பதற்கு அதைவிட நல்ல முதன்மை ஆதாரம் கிடையாது. ஒரே பக்கத்துக்குள் இந்த இரண்டும் கலந்து கிடக்கும். ‘கண்டேன்’, ‘கேட்டேன்’, ‘சொன்னார்கள்’ என்று வினைமுற்றைப் பார்த்துப் பிரித்துக்கொண்டே போக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. 1904 தொடங்கிச் சென்னை அரசாங்கம் 12 தொகுதியாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, அதைத் தமிழில் திருப்பி, மேற்கோள் குறிக்குள் போட்டு, “ஆனந்தரங்கப் பிள்ளை கூறுகிறார்” என்று எழுதியவரை எனக்குத் தெரியும். தமிழில் எழுதியவருடைய வாசகத்தை ஆங்கிலம் வழியாகத் திரும்பத் தமிழாக்கினால் வரும் சொல் பிள்ளையுடையது அல்ல. மேற்கோள் குறியை எடுத்துவிட்டுக் கருத்தாகச் சொல்லுங்கள், அல்லது தமிழ் மூலத்தைத் தேடுங்கள்.

தன்வரலாற்றில் வேறு பிரச்சினை, நினைவு. உ.வே.சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். ‘என் சரித்திரம்’ 1940இல்தான் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை முதன்முதலாகச் சந்தித்த நாளை 21-10-1880, வியாழக்கிழமை என்று குறிக்கிறார். அறுபது ஆண்டு கழித்துக் கிழமையோடு சொன்னால் சந்தேகம் வரும்தானே? 1880ஆம் ஆண்டு நாட்காட்டியைப் புரட்டினேன். அக்டோபர் 21 வியாழக்கிழமைதான். கிழவர் சொன்னது சரி. இது சின்னச் சோதனைதான், நாளும் கிழமையும் பொருந்துகிறது என்பதை மட்டும் காட்டும். அன்று முதலியார் சொன்ன சொல்லெல்லாம் அப்படியே இதுதான் என்று காட்டாது. உரையாடலைப் பயன்படுத்தும்போது “ஐயர் நினைவுகூர்வதன்படி” என்று ஒரு சொல் சேர்த்துக்கொண்டால் யாரும் கை வைக்க முடியாது.

அறிகுறி 7: மூல நூலிலிருந்தே எடுத்தேன், ஆனால் பிற்காலத்தது என்கிறார்கள்

புறநானூற்றைத் திறந்து ஒரு பக்கத்தைப் பாருங்கள். பாட்டு இருக்கிறது. கீழே திணை, துறை, ‘இன்னாரை இன்னார் பாடியது’ என்ற குறிப்பு. பிறகு பழைய உரை (266 பாட்டு வரை மட்டும்). அதன் கீழே பதிப்பாசிரியர் குறிப்பு. உ.வே.சா. முதலில் பதிப்பித்தது 1894இல். ஒரு பக்கத்தில் நான்கு கை, நான்கு காலம். பாட்டுக்குள் மன்னன் பெயர் இல்லாமல் கீழ்க்குறிப்பில் மட்டும் இருந்தால், அந்தப் பெயரைச் சொல்வது தொகுத்தவரோ அவருக்குப் பின் வந்தவரோ. ‘புறம். 9’ என்று எண் மட்டும் போடாமல், ‘பாட்டு’, ‘கீழ்க்குறிப்பு’, ‘உரை’ என்று எதிலிருந்து எடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இணையத்தில் இருக்கும் வெற்றுப் பாடத்தை எடுத்தால் அது எந்தப் பதிப்பை வைத்து உள்ளிட்டது என்றும் பாருங்கள்.

அறிகுறி 8: செய்தித்தாளையும் அறிவியல் அறிக்கையையும் எங்கே வைப்பது?

கீழடியை வைத்து முடித்துவிடலாம். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, தோண்டியவர்கள் எழுதியது, முதன்மை. அதில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205 என்று தனித்தனியாகத் தேதி இருக்கிறது. ‘கீழடியின் வயது 2600’ என்ற தலைப்புச் செய்தி துணைமை. ஆழமும் மாதிரியும் அதில் காணாமல் போய்விட்டன. அதே செய்தித்தாள், கீழடியை ஊடகங்கள் எப்படிக் கொண்டாடின என்ற ஆய்வுக்கு முதன்மை. முதல் அறிகுறிக்கே திரும்பி வந்துவிட்டோம். அறிவியல் மாணவர்களுக்கு ஒரு வரி: ஆய்வு முறை, அளவீடு என்று பகுதிகள் இருந்து, எழுதியவரே அளந்திருந்தால் முதன்மை. மற்றவர்கள் அளந்ததைத் திரட்டி அலசும் மீள்பார்வைக் கட்டுரை துணைமை.

அறிகுறி 9: மூலத்தைத் தேடிக் கிடைக்கவில்லை, சமர்ப்பிக்க ஒரு வாரம்தான் இருக்கிறது

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். “அண்ணே, 1930 பத்திரிகை, எங்கயும் இல்ல. ஒரு புத்தகத்துல மேற்கோளா இருக்கு. நேரா பத்திரிகை பேரப் போட்டுடவா?” போட வேண்டாம் என்றேன். புறத்தேர்வாளர் “அந்த இதழில் அடுத்த பத்தி என்ன?” என்று கேட்டால் அங்கேயே மூச்சு நின்றுவிடும்.

முதலில் உண்மையிலேயே தேடிவிட்டோமா என்று பாருங்கள். பழைய இதழ்களுக்கும் அச்சு நூல்களுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அரசாணை, மாவட்டக் கோப்பு என்றால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நூல்களின் மின்படிக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம். இலங்கை வெளியீடு என்றால் நூலகம் இணையத்தளத்தை முதலில் பார்க்காமல் வேறெங்கும் அலைய வேண்டாம். தலைப்பு கிடைக்கவில்லை என்றால் ஆசிரியர் பெயரின் பழைய எழுத்துவடிவில் தேடுங்கள்: ராமசாமி, இராமசாமி, ராமஸ்வாமி மூன்றும் மூன்று அட்டையில் இருக்கும்.

அப்படியும் இல்லையென்றால், அடிக்குறிப்பில் இதழின் பெயர், நாள், பக்கம் எழுதி, ‘மேற்கோள்:’ என்று போட்டு, நீங்கள் உண்மையில் படித்த நூலின் பெயரையும் பக்கத்தையும் எழுதுங்கள். துணைநூற்பட்டியலில் அந்த நூல் மட்டும், துணைமைத் தலைப்பின் கீழ். இதழ் முதன்மைப் பட்டியலில் வரக் கூடாது. அடுத்த அடிக்குறிப்பில் ‘மேலது’ (மேலே சொன்ன அதே ஆதாரம்) போடும்போது அது இதழைக் குறிக்கிறதா நூலைக் குறிக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். தம்பியின் ஆய்வேட்டில் பதினொரு ‘மேலது’ தவறான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து திருத்த ஒரு சாயங்காலம் ஆயிற்று.